முலாஞ்சே மலையடியில் பதினான்கு நாள்

நாள் 1, வெள்ளி

சென்னையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து பிளான்டயர். மலாவியின் தெற்கே இருக்கிற பெரிய ஊர். நம்மூர் நேரத்துக்கு இங்கே மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொருகுகிறது. தூங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் 18 வருஷமாக மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். முலாஞ்சே மலை தெரிகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில், மெஷின் பார்க்கத் தெரிந்த ஆள் இரண்டு வாரத்துக்குக் கிடைப்பாரா என்று எங்கள் சபைக்கு விசாரிப்பு வந்தது. பிரசங்கம் பண்ண வாருங்கள் என்று அழைத்திருந்தால் யோசித்திருப்பேன். ஸ்க்ரூ டிரைவரோடு வா என்றதால் மறுநாளே சரி என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியில் துணி ஏழு கிலோதான். மீதியெல்லாம் சாமான்: ஆக்சிஜன் சுத்தத்தை அளக்கிற மீட்டர் இரண்டு, மல்டிமீட்டர், சாலிடரிங் அயர்ன், ஃபில்டர்கள், ஃபியூஸ், ட்யூப். வீட்டுக்காரி அதற்கு நடுவில் இரண்டு பாக்கெட் இட்லிப் பொடியையும் செருகியிருக்கிறாள்.

விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் மழையோடு மழையாக வந்தோம். வழியில் தியோலோ என்று ஒரு ஊர். எழுதுவது அப்படி, சொல்வது சோலோ. அந்த ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. வால்பாறைக்குப் போனவர்களுக்கு அப்படியே அந்த இடம்தான் ஞாபகம் வரும். முதுகில் கூடையோடு வரிசையாக நின்று கொழுந்து பறிக்கிறார்கள். வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்டதில் ஆப்பிரிக்காவின் முன்னோடிகளில் ஒன்று மலாவி. 1891 வாக்கில் முலாஞ்சேயில் தோட்டம் போட்ட ஹென்றி பிரவுன் இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்து, காப்பிச் செடிக்கு நோய் வந்ததால் கிளம்பி வந்தவர். அவருக்குச் செடி கிடைத்தது பிளான்டயரில் ஸ்காட்லாந்து மிஷனரிகளின் தோட்டத்திலிருந்து. அந்த நோய்க்குப் பிறகு இலங்கையில் தேயிலை பறிக்க நம் ஆட்கள் மலையேறினார்கள், இங்கே இவர்கள் ஏறினார்கள்.

நாள் 2, சனி

காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை. சுற்றிலும் சமவெளி, நடுவில் திடீரென்று எழுந்து நிற்கிற கல். உச்சிக்கு சபித்வா என்று பெயர், 3,002 மீட்டர். மலையின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் சிவப்பாக ஒரு கீறல் தெரிந்தது. டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். 2023 மார்ச்சில் ஃபிரெட்டி புயல் வந்தபோது மலை சரிந்த தடம் என்றார். பாறையும் சேறும் இரவில் இறங்கி ஊர்களை மூடியிருக்கிறது. அவருடைய சித்தி குடும்பம் அதில் போய்விட்டது. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வைப்பரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். என்ன சொல்வதென்று தெரியாமல், அன்றைக்குக் காலையில்தான் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தையைச் சொன்னேன்: பெப்பானி. மன்னிப்புக் கேட்கவும் அதுதான், துக்கத்தில் பங்கெடுக்கவும் அதுதான். வழியில் யாராவது கல் தடுக்கி விழுந்தால்கூட பார்க்கிறவர்கள் எல்லோரும் பெப்பானி, பெப்பானி என்கிறார்கள்.

மொழி சிச்செவா. நீ, நீங்கள் வித்தியாசம் நம்மைப் போலவே உண்டு. சின்னப் பிள்ளையிடம் ‘உலி ப்வாஞ்ஜி’, பெரியவரிடம் ‘முலி ப்வாஞ்ஜி’. பெண்களை ‘அமாயி’ என்று கூப்பிடுகிறார்கள், அம்மா என்று அர்த்தம். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு யாரும் பழக்கிவிட வேண்டியிருக்கவில்லை.

நாள் 3, ஞாயிறு

ஆராதனை மூன்று மணி நேரம். இங்கே பெரிய சபை மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை, 1924-இல் வடக்கே லிவிங்ஸ்டோனியா மிஷனும் தெற்கே பிளான்டயர் மிஷனும் சேர்ந்து உண்டானது. பாட்டுக்கு ஆர்கன் கிடையாது, எட்டுப் பத்துப் பேர் எழுந்து முன்னால் வந்தாலே போதும், நான்கு குரலாகப் பிரிந்து அதுவே ஆர்கன் மாதிரி நிற்கிறது. ஒரு பாட்டின் ராகம் எனக்குத் தெரிந்த ஞானப்பாட்டு. அவர்கள் சிச்செவாவில் பாட, நான் தமிழில் பாடினேன். பக்கத்தில் இருந்த தாத்தா என் வாயையே பார்த்தார், அப்புறம் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் விடவில்லை.

காணிக்கைத் தட்டு நம்மிடம் வருவதில்லை. நாம்தான் ஆடிக்கொண்டே முன்னால் போக வேண்டும். ஒரு அமாயி முந்தானை மாதிரி கட்டியிருந்த சித்தேஞ்ஜே துணியின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த நிலக்கடலையைக் கூடையில் கொட்டினார். அரை உழக்கு இருக்கும். பிப்ரவரி இங்கே பஞ்ச மாதம், போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்து புதியது இன்னும் முற்றவில்லை. அந்தக் கடலை அவர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு.

வந்தவர் எழுந்து பேச வேண்டும் என்றார்கள். எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவாள், மாதக் கடைசியில் அது மிஷனுக்குப் போகும் என்று சொன்னேன். 1903-இல் எங்கள் திருநெல்வேலிக்காரர்களே இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பித்து, வெள்ளைக்காரன் காசு இல்லாமல் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள் என்றும், அதில் முன்னே நின்ற வேதநாயகம் அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப் ஆனார் என்றும் சொன்னேன். மொழிபெயர்த்தவர் கைப்பிடி அரிசியைக் கைப்பிடி மக்காச்சோள மாவு என்று மாற்றிச் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. நம்மூர்க் குலவையேதான். எனக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

நாள் 4, திங்கள்

ஏழரைக்கு ஜெபம், ஒரு சங்கீதம், அப்புறம் இரவு ட்யூட்டி பார்த்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்: எத்தனை பிரசவம், எத்தனை காய்ச்சல், எத்தனை சாவு. இங்கே பெரும்பாலும் வேலையைத் தாங்குகிறவர்கள் கிளினிக்கல் ஆஃபீசர்கள். எம்பிபிஎஸ் படித்தவர்கள் இல்லை. ஆனால் சிசேரியன் வரைக்கும் செய்கிறார்கள், கை சுத்தமான கை.

என்னோடு வேலை செய்யப்போகிற தம்பிக்கு 26 வயது. எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவர். பல்பு மாற்றுவதிலிருந்து ஜெனரேட்டர் வரைக்கும் அவர் ஒருவர்தான். என்னை அச்சிம்வெனே என்கிறார், அண்ணன் மாதிரி. நான் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் நர்ஸ்களும் அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாமான் அறையைத் திறந்து காட்டினார். பதினோரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். 2021-இல் நம்மூரில் எல்லோரும் தேடி அலைந்தோமே, அதே மெஷின். பதினொன்றும் எங்கிருந்தெல்லாமோ நல்ல மனசோடு அனுப்பப்பட்டவை, பதினொன்றும் தூசி படிந்து கிடக்கின்றன. வார்டில் ஓடுவது மூன்று. ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடக்கிறது என்று 2011-இல் ஒரு ஆய்வு சொன்னது. படித்தபோது அது ஒரு எண்தான். இன்று அந்தக் கதவுக்குள் நின்று பார்த்தபோது கோபம்தான் வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற கோபம்.

இரண்டு மெஷின் அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே 230. செருகிய அன்றைக்கே எரிந்திருக்கின்றன. அனுப்பியவர்கள் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் போதும்.

நாள் 5, செவ்வாய்

மெஷின் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நாம் மூச்சு விடுகிற காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். கம்ப்ரசர் காற்றை இழுத்து அழுத்தி, சியோலைட் என்கிற குருணை நிரப்பிய குழாய்க்குள் தள்ளுகிறது. குருணை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் மறுபக்கம் வெளியே வரும். குழாய் இரண்டு. ஒன்று பிடிக்கிறபோது இன்னொன்று பிடித்ததைக் கக்கும், வால்வு மாற்றி மாற்றித் திருப்பிவிடும். அந்தப் புஸ், புஸ் சத்தம் அதுதான். நல்ல மெஷினில் 90க்கு மேல் சுத்தம் வரும், 82க்குக் கீழே போனால் அது ஆக்சிஜன் மெஷின் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

முதல் மெஷினைத் திறந்தோம். முன்னால் இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் செம்மண் கட்டியாக இருந்தது. தம்பி அதை வாளித் தண்ணீரில் போட்டுப் பிழிந்தார். முதல் தண்ணீர் கேழ்வரகுக் கூழ் நிறம். இரண்டாவது டீ. ஐந்தாவது வாளியில்தான் ஸ்பாஞ்சு கறுப்பு என்பதே தெரிந்தது. நிழலில் உலர்த்திப் போட்டு, உள் ஃபில்டரை மாற்றி, ஒரு ட்யூப் வெடித்திருந்ததை வெட்டிச் செருகி, சுவிட்சைப் போட்டோம். பத்து நிமிஷம் ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். 61. கொஞ்சம் பொறுத்து 74. அப்புறம் 88. தம்பி எண்களை சிச்செவாவில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 93.1-இல் நின்றது. இரண்டு வருஷம் மூலையில் கிடந்த மெஷினுக்கு வந்த வியாதி ஒரு கைப்பிடிச் செம்மண்.

இரவுச் சாப்பாடு ன்சீமா. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, அவ்வளவுதான். சாப்பிடும் முன் ஒருவர் செம்பால் நம் கையில் தண்ணீர் ஊற்றுகிறார். உருட்டிக் குழி பண்ணி, நிலக்கடலைப் பொடி போட்ட பூசணி இலைக் கீரையில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள உசிப்பா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடி மீன். நம் நெத்திலிக் கருவாட்டுக்குச் சித்தப்பா பிள்ளை.

நாள் 6, புதன்

இன்றைக்குக் கணக்கு: மூன்று மெஷின் உயிர் வந்தது, ஒன்று போயே போய்விட்டது, குருணை ஈரம் குடித்துவிட்டது. அதை உதிரிக்கு வைத்துக்கொண்டோம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை கரண்ட் இல்லை.

பச்சிளம் குழந்தைகள் அறையில் ஒரு சின்ன மெஷின் பார்த்தேன், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சுருங்கிப்போகாமல் காற்றழுத்தம் கொடுப்பது. அதன் முதல் வடிவத்தில் இருந்தது மீன் தொட்டிப் பம்பு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் செய்தார்கள், சோதித்தது இந்த நாட்டில், பிளான்டயரின் குயீன் எலிசபெத் ஆஸ்பத்திரியில். வெறும் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தன, இதில் வைத்தவை 71 சதவீதம். இந்த மெஷின் இந்த ஊரின் கரண்டையும் தூசியையும் தெரிந்துகொண்டு பிறந்தது. அதனால்தான் ஓடுகிறது.

நாள் 7, வியாழன்

எழுத மனசில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மழைக்காலம் மலேரியாக் காலம். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். மலேரியாத் தடுப்பூசியை உலகத்திலேயே முதலில் வழக்கமான திட்டத்தில் போட ஆரம்பித்த நாடு மலாவிதான், 2019 ஏப்ரலில். அதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். குறைந்தே இத்தனை.

நேற்றுப் பழுது பார்த்த மெஷினில் குழாய்களைப் பிரித்து நான்கு பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பையன், நிமோனியா. வந்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற மீட்டர் 79 காட்டியது, விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது. சாயங்காலம் 94. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் என்னவென்று கேட்கவில்லை, பையன் தண்ணீர் கேட்டான், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இரவு ஒன்பதரைக்கு ஒரு பாட்டி, பேத்தியை சைக்கிள் டாக்ஸியில் கொண்டுவந்தார். கபாசா என்கிறார்கள். ஆறு பெருகி, சுற்றி வந்திருக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் காகிதம் மாதிரி வெள்ளை. மலேரியா ரத்தத்தைத் தின்றுவிட்டது. ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள், ஆக்சிஜன் ஓடியது, மெஷின் 93 கொடுத்துக்கொண்டிருந்தது. விடியும் முன் இறந்துவிட்டது. பாட்டி பேத்தியை முதுகில் கட்டிக்கொண்டு வந்த அதே சித்தேஞ்ஜே துணியில் சுற்றினார்கள். வார்டில் இருந்த தாய்மார் எல்லோரும் எழுந்து நின்று மெதுவாகப் பாடினார்கள். தன் பிள்ளை பிழைக்குமா என்று தெரியாதவர்களும் பாடினார்கள். நான் வெளியே வந்து ஜெனரேட்டர் ரூம் திண்ணையில் உட்கார்ந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெப்பானி, அச்சிம்வெனே என்றார். அவ்வளவுதான் இருவரும் பேசினோம்.

நாள் 9, சனி

பிளான்டயருக்கு வயரும் ஸ்டெபிலைசரும் வாங்கப் போனோம். அங்கே தூய மிகாவேல் ஆலயத்தைப் பார்த்தேன். 1888-இலிருந்து 1891 வரைக்கும் கட்டியது. முன்னின்று கட்டிய டேவிட் கிளமெண்ட் ஸ்காட் போதகர், கட்டடக் கலை படித்தவர் இல்லை. கல் வைத்துப் பழக்கமில்லாத உள்ளூர் ஆட்களே சுட்ட செங்கல்லால் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எதுவும் பலகையில் என் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் டிரைவர் அண்ணன் 500 குவாச்சா நோட்டை எடுத்துக் காட்டினார், நம் காசுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ரூபாய்தான். அதில் இருக்கிற முகம் ஜான் சிலெம்ப்வே. பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்காவில் படித்துத் திரும்பி 1900-இல் சிராட்சுலுவில் சொந்தமாக மிஷன் ஆரம்பித்து, பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். பக்கத்தில் மகோமேரோ தோட்டம், டேவிட் லிவிங்ஸ்டனின் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சொந்தமானது. அங்கே குடியிருந்தவர்கள் வாடகைக்குப் பதிலாகக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அந்த முறைக்குப் பெயர் தங்காட்டா. சிலெம்ப்வே 1915 ஜனவரியில் இதை எதிர்த்துக் கிளர்ந்து எழும்பினார், தோட்ட மேனேஜர் கொல்லப்பட்டார், பிப்ரவரி 3-ஆம் தேதி சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றார்கள், அவர் கட்டிய ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

“தங்காட்டா என்றால் முதலில் என்ன அர்த்தம் தெரியுமா?” என்று கேட்டார் அண்ணன். “உதவி.”

பக்கத்து வயலுக்குக் கை கொடுப்பதற்கு இருந்த வார்த்தை. தோட்டக்காரர்கள் கையில் போய் அடிமை வேலைக்குப் பெயராகிவிட்டது. வேதம் கொண்டுவந்தவருடைய பேரன் தோட்டத்தில் அது நடந்தது, அதை எதிர்த்தவரும் அதே வேதத்தைக் கையில் வைத்திருந்தவர். எங்கள் ஆச்சிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடம், அந்தக் கடன் எனக்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உதவி செய்ய வந்திருக்கிறேன் என்று இனி இங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று வண்டியிலேயே முடிவு செய்தேன். மெஷின் பார்க்க வந்திருக்கிறேன், அவ்வளவு போதும்.

நாள் 11, திங்கள்

இன்றையிலிருந்து என் கை பாக்கெட்டில். தம்பிதான் திறக்கிறார், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது மெஷினில் வால்வைக் கழற்ற முக்கால் மணி நேரம் எடுத்தார். நானாக இருந்தால் ஐந்து நிமிஷம். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு இந்தப் பயணத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது. கடைசியில் அவரே கண்டுபிடித்தார், ஸ்க்ரூ எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று.

ஃபில்டர் தீர்ந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அவரே வழி கண்டார். சந்தையில் மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்சு விற்கிறார்கள். அதை வாங்கி, காற்று தாராளமாகப் போகிறதா என்று வாயில் வைத்து ஊதிப் பார்த்து, அட்டை அளவு வைத்து வெட்டினார். முன் ஃபில்டருக்கு இது போதும். ஒவ்வொரு மெஷினையும் வாரத்துக்கு ஒரு தடவை எந்த நாளில் யார் கழுவுவது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வார்டில் தொங்கவிட்டார். சனிக்கிழமைப் பெட்டியில் மட்டும் கையெழுத்து இல்லை, பிள்ளைகளோடு தங்கியிருக்கிற தாய்மார் கழுவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நோயாளியோடு வருகிறவர்களுக்கென்று பின்னால் ஒரு கூரை இருக்கிறது, அங்கேதான் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். நிறைய அடுப்பு எரியவில்லை. மாவு தீர்ந்தவர்கள் மற்றவர்கள் சட்டியில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நிமோனியாப் பையனின் அம்மா, வேறு யாரோ ஒருவர் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வீட்டுக்குப் போகிறார்களாம்.

நாள் 13, புதன்

பதினொன்றில் ஏழு ஓடுகிறது. பழைய மூன்றோடு பத்து. இரண்டு எரிந்தவை, இரண்டு உதிரிக்கு.

காலை ஜெபத்தில் என்னை முன்னால் கூப்பிட்டு ஒரு சித்தேஞ்ஜேயும் ஒரு பை தேயிலையும் கொடுத்தார்கள். தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். மீட்டர் இரண்டையும், மல்டிமீட்டரையும், டூல் பையையும் அவர் கையில் கொடுத்தேன். இட்லிப் பொடி மிச்சத்தை சமையல்கார அமாயி கேட்டு வாங்கிக்கொண்டார், ன்சீமாவுக்கு நன்றாக இருக்கிறதாம். இருக்கும்.

நாள் 14, வியாழன்

அடிஸ் அபாபாவில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டி லேசாக இருக்கிறது. ஃபோனைத் திறந்தால் தம்பியிடமிருந்து ஒரு படமும் ஒரு கேள்வியும். நான்காம் நம்பர் மெஷினில் வால்வு இறுகுகிறது, கராஜில் கிரீஸ் கிடைக்கிறது, கொஞ்சம் தடவலாமா என்று. தடவவே கூடாது, ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கும், கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. இருபது நிமிஷம் கழித்து மீட்டர் படம் வந்தது. 87. ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், உதிரி மெஷினில் இருப்பதை எடுத்துப் போடுங்கள் தம்பி என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.